முட்டைக்குள் நாள்காட்டி இல்லை

கோழிக்கு 21, வாத்துக்கு 28, காடைக்கு 17, புறாவுக்கு 18. முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்று யாரைக் கேட்டாலும் இப்படி ஓர் எண் சட்டென்று வந்து விழும். பள்ளியில் பொது அறிவுக்காக மனப்பாடம் செய்ததும், பண்ணைக் கையேடுகளில் கட்டம் போட்டு அச்சடித்திருப்பதும், யூடியூபில் நாட்டுக்கோழி வளர்ப்பு கற்றுத்தருபவர்கள் ஓயாமல் சொல்வதும் இதைத்தான். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பொரிக்கும் நாள் முட்டைக்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கிறது. தாய்ப்பறவையின் வேலை மேலே உட்கார்ந்து சூடு கொடுப்பது மட்டும். உரிய நாள் வந்ததும் ஓடு உடையும். உடையவில்லையா, முட்டை கெட்டது, தூக்கி எறி.

இந்த நம்பிக்கை தவறு. 21 என்பது பொய்யான எண் இல்லை, ஆனால் அது முட்டைக்குச் சொந்தமான எண்ணும் இல்லை. பறவை எந்த நாளில் அடையில் உட்காருகிறது, உட்கார்ந்த பிறகு எவ்வளவு நேரம் எழுந்து போகிறது, எத்தனை முட்டைகளை அணைக்கிறது, ஓரத்து முட்டையை எப்போது நடுவுக்குத் தள்ளுகிறது என்பதெல்லாம் சேர்ந்து கிடைக்கும் விடை அது. அடைகாக்கும் விதம் மாறினால் விடையும் மாறும்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. அந்த 21 நாளை எங்கிருந்து எண்ணுவது? முட்டையிட்ட நாளிலிருந்து என்றால் கணக்கு அங்கேயே உதைக்கிறது. கோழி ஒரே நாளில் பன்னிரண்டு முட்டை இடுவதில்லை. நாளுக்கு ஒன்று, நடுவில் ஒரு நாள் விட்டு இன்னொன்று என்று இரண்டு வாரம் இழுக்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் நாள் ஓடிக்கொண்டிருந்தால் குஞ்சுகளும் இரண்டு வாரத்துக்கு ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருக்க வேண்டும். அப்படி யாரும் பார்த்ததில்லை. ஒரு ஈட்டுக் குஞ்சுகள் ஒன்றரை நாளுக்குள் வெளியே வந்து தாயின் இறக்கைக்குள்ளிருந்து தலை நீட்டுகின்றன.

காரணம் இதுதான். கரு உருவாவது முட்டை வெளியே வருவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே. தாயின் உடலுக்குள் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது பிளந்து பிளந்து ஆயிரக்கணக்கான செல்கள் கொண்ட ஒரு சிறு வட்டாகி விடுகிறது. முட்டை வெளியே விழுந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நிற்கிறது. ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே அது அசையாமல் கிடக்கும். சாகவில்லை, வளரவும் இல்லை. கோழி அடையில் உட்கார்ந்து மறுபடி சூடேற்றும்போதுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆக, எண்ணிக்கையைத் தொடங்கி வைப்பது முட்டையன்று, கோழி. அதுவும் முட்டையிடும் வேலையை முடித்துவிட்டு, கூட்டைவிட்டு எழ மனமில்லாமல், கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக் கேறத் தொடங்கும் கோழி.

இதை நம் வீட்டுப் பெண்கள் செயலில் தெரிந்து வைத்திருந்தார்கள். கோழி இட்ட முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டு, கூட்டில் ஒன்றை மட்டும் விட்டு வைப்பார்கள். எடுத்ததை அரிசிப் பானைக்குள்ளோ கம்புக் குதிருக்குள்ளோ புதைத்து வைப்பார்கள். பானைக்குள் வெயில் படாது, சூடு ஏறி இறங்காது. கோழி அடைக்கு வந்ததும், ஒற்றைப்படையில் எண்ணி, எல்லாவற்றையும் ஒரே பொழுதில் மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் வைப்பார்கள். அவர்கள் செய்தது முன்னே இட்டதையும் பின்னே இட்டதையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிறுத்தும் வேலை. பிறகு 21 நாளில் எல்லாம் ஒன்றாகப் பொரித்தன. அதைப் பார்த்துவிட்டு முட்டைக்குள்ளேயே 21 எழுதியிருக்கிறது என்று சொல்வது, அந்தப் பெண்களின் கைவேலையை முட்டையின் கணக்கில் வரவு வைப்பது.

அந்தக் கை படாத கோழியைப் பாருங்கள். வேலியோரத்திலோ வைக்கோற்போர் அடியிலோ யாருக்கும் தெரியாமல் இட்டு அடையில் உட்கார்ந்த கோழி அது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அதே இடத்துக்கு வந்து, அடையிருப்பது எழுந்து போன நேரத்தில் தன் முட்டையையும் போட்டுவிட்டுப் போகும். இப்போது அந்தக் கூட்டில் ஒரே தாயின் அடியில் வெவ்வேறு வயதுக் கருக்கள். முதல் குஞ்சுகள் வெளிவந்து ஓரிரு நாளில் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பிவிடும். மிச்ச முட்டைகள் அங்கேயே குளிர்ந்து கிடக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சு செத்திருக்கும். "கூமுட்டை" என்று வீசுவார்கள். உண்மையில் அது பின்னால் வந்த முட்டை. தாய் எழுந்த நேரம் அதன் ஆயுளை முடித்தது.

கோழியை விட்டு வெளியே வந்தால் இந்தத் தொடக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை இடும். முதல் முட்டையிலேயே அடையில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முட்டைக்கும் சுமார் 30 நாள்தான், ஆனால் ஒவ்வொன்றின் தொடக்கமும் வேறு. கூட்டில் மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது கடைக்குட்டி கண் திறக்காமல் கிடக்கும். புறா வளர்ப்பவர்களுக்கு இன்னொரு காட்சி தெரியும். முதல் முட்டை மாலையில் விழும், இரண்டாவது ஏறக்குறைய 44 மணி நேரம் கழித்து. இடையில் புறா அந்த முதல் முட்டையின்மேல் பாதி நின்றும் பாதி குனிந்தும் பொழுதை ஓட்டும், சரியாக அணைக்காது. இரண்டாவது வந்த பிறகுதான் அழுத்தி உட்காரும். அதனால் இரண்டு குஞ்சுக்கும் இடைவெளி 44 மணி நேரம் இருப்பதில்லை, குறைந்துவிடுகிறது. அந்த அரைகுறை நிற்றலில் இருக்கிறது சூட்சுமம்.

ஆப்பிரிக்கக் கருங்கழுகு இரண்டு முட்டை இடும். சில நாள் இடைவெளியில் இட்டு முதலிலேயே அடை தொடங்குவதால் குஞ்சுகளும் சில நாள் இடைவெளியில் வரும். ஜிம்பாப்வேயின் மட்டோபோ குன்றுகளில் வலெரி கார்கெட் கூட்டருகே உட்கார்ந்து எண்ணினார். மூத்த குஞ்சு இளையதை மூன்று நாளில் 1,569 தடவை கொத்தியது. இளையது செத்தது. ஒரே பெற்றோர், ஒரே கூடு. தாய் எந்த முட்டையோடு அடை தொடங்கியது என்பது அதன் சாவுக்கு வழி திறந்திருக்கிறது. சூடு கொடுப்பது மட்டும் தாயின் வேலை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சரி, தொடக்கம் தாயின் கையில் என்று ஒப்புக்கொண்டாலும், தொடங்கிய பிறகு நாள் மாறாதே என்பார்கள். மாறும். அலாஸ்காவின் பாரன் தீவுகளில் பாறை இடுக்கில் கூடு வைக்கும் கவைவால் புயல் குருவி என்னும் கடற்பறவையை டீ போயர்ஸ்மா 1970களில் ஆராய்ந்தார். ஒரே ஒரு முட்டை இடும் பறவை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடையிருக்கும். இரை தேடிக் கடலில் வெகுதூரம் போன துணை நேரத்துக்குத் திரும்பாவிட்டால், உட்கார்ந்திருப்பது பசி தாங்காமல் எழுந்து போய்விடும். முட்டை அந்தக் குளிரில் தனியாகக் கிடக்கும். தொடர்ந்து ஏழு நாள் வரை கூட. கோழி முட்டை இதில் என்றைக்கோ செத்திருக்கும், இது சாவதில்லை. பறவை திரும்பி வந்து உட்கார்ந்ததும் கரு மறுபடி வளர்கிறது. விளைவாக, ஒரே இனத்தில், ஒரே தீவில், ஒரு முட்டை 37 நாளில் பொரித்தது, இன்னொன்று 68 நாள் எடுத்தது. இந்தப் பறவைக்குக் கட்டம் போட்ட அட்டவணையில் எந்த எண்ணை அச்சடிப்பது?

ஆஸ்திரேலியாவின் மல்லீக் கோழி முட்டைமேல் உட்காருவதே இல்லை. மணலும் மக்கிய இலையும் சேர்த்து ஆள் நீளத்துக்கு மேல் அகலமான மேடு கட்டி, உள்ளே முட்டை வைக்கும். சேவல் தன் அலகை மண்ணுக்குள் விட்டுச் சூடு பார்க்கும்; சூடு ஏறினால் மணலைக் கிளறி ஆறவிடும், குறைந்தால் மேலே மண் அள்ளிப் போடும். நியூ சவுத் வேல்ஸில் எச்.ஜே. ஃபிரித் பல ஆண்டு இதைப் பார்த்து எழுதினார். முட்டை இருக்கும் இடத்தில் சேவல் 33 டிகிரியை ஒட்டியே நிறுத்தப் பார்க்கிறது. அப்படியும் மேட்டின் சூட்டைப் பொறுத்துக் குஞ்சு வர 50 நாளும் ஆகலாம், ஏறக்குறைய 100 நாளும் ஆகலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மண்ணும் வெயிலும் சேவலின் உழைப்பும். முட்டையில் எழுதியது எதுவுமில்லை.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் பொரிப்பான். பல்லடத்துப் பக்கம் எந்தப் பொரிப்பகத்துக்குப் போனாலும் ஆயிரக்கணக்கான முட்டை, தாயே இல்லை, 21 நாளில் பொரிக்கிறதே, இதற்கு என்ன பதில்? பதில் அந்த எந்திரத்தின் முகப்பிலேயே ஒளிர்கிறது. 37.5 டிகிரியை ஒட்டிய சூடு, அளவிட்ட ஈரப்பதம், மணிக்கு ஒருமுறை தட்டு சாய்ந்து முட்டை திரும்புதல், கடைசி மூன்று நாள் திருப்பாமல் விடுதல். இதில் எதைக் கோழி செய்வதில்லை? தாய் இல்லாமல் பொரித்த முட்டைகள் என்று சொல்லாதீர்கள். ஒரே மாதிரி நடந்துகொள்ளும், பசிக்காத, எழுந்து போகாத ஒரு தாயின் அடியில் பொரித்தவை என்று சொல்லுங்கள். உலை எப்போது கொதிக்கும் என்பதை அரிசி சொல்லாது, விறகு சொல்லும். எந்திரத்தில் விறகு ஒரே சீராக எரிகிறது, அவ்வளவுதான். அதையும் அரை டிகிரி குறைத்துப் பாருங்கள், பொரிப்பு மணிக்கணக்கில் பிந்தும். ஏற்றினால் முந்தும், கூடவே காலூன்றி நிற்க முடியாத குஞ்சுகளும் வரும். பொரிப்பகம் நடத்துபவர்களுக்கு இது தெரியும். முட்டை சேமிப்பறையில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால், கூடுதலாக இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். 21 என்ற எண் அவர்கள் சட்டையில் குத்தியிருக்கிறது, நம்புவது தெர்மாமீட்டரை.

எந்திரமே கோழியிடம் பாடம் கேட்டது இன்னும் சுவையான செய்தி. முட்டையிடும் நாள்களில் கோழி ஒவ்வொரு முறை வரும்போதும் பழைய முட்டைகள்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழும். வெறும் சோம்பல் என்று நினைத்திருந்தோம். நீண்ட நாள் சேமித்த முட்டைகளை இடையிடையே சில மணி நேரம் சூடாக்கி மறுபடி குளிரவைத்தால் பொரிக்கும் விகிதம் கூடுகிறது என்று கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஆய்வுகள் காட்டின. பெரிய பொரிப்பகங்கள் இதைச் செய்யத் தொடங்கிவிட்டன. எகிப்தில் மண்ணால் கட்டிய பொரிப்பு அடுப்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை உடையவை. அங்கே வேலையாள் முட்டையை எடுத்துத் தன் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார். கோழி தன் வயிற்றடியில் இறகு உதிர்ந்த வெற்றுத் தோலால் செய்வதை அவர் இமையால் செய்தார்.

இதுவரை தாயைப் பற்றிச் சொன்னேன். முட்டைகளுக்குள் நடக்கும் பேச்சு இன்னொன்று. இருபதாம் நாள் மாலை அடைக்கோழியின் அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதருகே வைத்துப் பாருங்கள். குஞ்சு அகன்ற முனையில் உள்ள காற்றறையைக் கிழித்து மூச்சு விடத் தொடங்கியிருக்கும்; மெல்லிய கீச்சொலி கேட்கும், ஓட்டின் உட்புறம் அலகு தட்டுவதும் கேட்கும். ஓடு இன்னும் விரிசல் விடவில்லை. கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் 1960களில் காடை முட்டைகளை வைத்து இதை ஆராய்ந்தார். மூச்சு தொடங்கிய குஞ்சு ஓட்டுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்புகிறது. ஒரு நாள் பிந்தி அடை வைத்த முட்டையை, முந்திய முட்டைகளை ஒட்டி வைத்தால், அது அவசரப்பட்டு அவற்றோடு சேர்ந்து பொரித்தது. வேறு வேகத்தில் ஒலி கேட்டால் பொரிப்பு தாமதமும் ஆனது. தள்ளித் தள்ளி வைத்த முட்டைகள் தத்தம் போக்கில் பொரித்தன. காட்டுவாத்தும் காடையும் பத்துப் பதினைந்து முட்டை இட்டும் ஒரே நாளில் எல்லாக் குஞ்சையும் கூட்டிக்கொண்டு கிளம்ப முடிவது இதனாலும்தான்.

ஸ்பெயினின் வடமேற்குக் கடலோரத்தில் மஞ்சள்கால் கடற்காகத்தின் முட்டைகளுக்கு அதே இனத்தின் வளர்ந்த பறவைகளின் அபாயக் குரலை ஒலிபரப்பிப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு அது. குரல் கேட்ட கருக்கள் ஓட்டுக்குள் அதிர்ந்தன. குரலையே கேட்காத, பக்கத்தில் கிடந்த முட்டையும் அந்த அதிர்வால் நடத்தை மாறியது. அவை பொரிக்கத் தாமதமும் ஆனது. வெளியே கூச்சல் போட்டது பெற்றோர் இனம், பொரிக்கும் நேரத்தைத் தள்ளிப் போட்டது கரு. நாள்காட்டிக்காரர்கள் இதை எந்தக் கட்டத்தில் அடைப்பார்கள்?

இன்னொரு மறுப்பும் வரும். அப்படியானால் கோழி நன்றாக உட்கார்ந்தால் பதினான்கு நாளில் பொரிக்குமா? பொரிக்காது. கருவின் வளர்ச்சிக்கு இனத்துக்கு இனம் ஒரு கீழெல்லை உண்டு. அது மரபில் வருவது. குயில் குஞ்சு காகக் குஞ்சுகளுக்குச் சுமார் மூன்று நாள் முந்திப் பொரிப்பதற்குக் காகம் அதன்மேல் தனிப் பாசத்தோடு உட்கார்ந்தது காரணமில்லை. குயில் இனத்தின் வளர்ச்சி வேகமே வேறு. ஐரோப்பியக் குயில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முட்டையைக் கூடுதலாக ஒரு நாள் தன் உடலுக்குள்ளேயே வைத்திருந்து, கருவைக் கொஞ்சம் வளரவிட்ட பிறகே பிறர் கூட்டில் இடுகிறது. டிம் பர்க்ஹெட் முதலானோர் 2011இல் இதை எடுத்துக்காட்டினார்கள். ஆனால் இது யாருக்குச் சாதகம்? முட்டையை எப்போது வெளியே விடுவது என்பதும் தாய்ப்பறவை செய்கிற செயல்தானே. மரபு ஓர் எல்லை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் எந்த நாள் என்பதைத்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு அப்புறம் மறுகோடிக்குப் போய்விடுபவர்களையும் சொல்ல வேண்டும். பறவை எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்கிறது, கடைக்குட்டியைப் பிந்திப் பொரிக்கவைத்துப் பஞ்சத்துக்குப் பலி கொடுக்கிறது என்பார்கள். 1947இல் டேவிட் லாக் முன்வைத்த கருத்தின் மெலிந்த நகல் இது. இரை குறைந்தால் பின்னால் வந்த சிறியது சீக்கிரம் செத்து, மூத்தவை பிழைக்கும் என்றார் அவர். சில இனங்களில் அது பொருந்துகிறது. உண்ணிக்கொக்குக் குஞ்சுகளை ஒரே வயதுடையவையாக மாற்றி வைத்தபோது சண்டை கூடியது, இரையும் அதிகம் தேவைப்பட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே விளக்கமாக்குவது சரியில்லை. வெனிசுவேலாவின் பச்சைப் பின்புறச் சிறுகிளி முதல் முட்டையிலேயே அடை தொடங்கிவிடும். குஞ்சுகள் இரண்டு வாரம் வரை சிதறிப் பொரிக்கும். ஸ்டோல்சனும் பெய்சிங்கரும் அங்கே காட்டியது பலி இல்லை, வெயில். வெப்பநாட்டில் சில நாள் அடையில்லாமல் கிடக்கும் முட்டை பொரிக்கும் திறனை இழக்கிறது. ஆகவே முதல் முட்டையைக் காப்பாற்ற வேண்டுமானால் உடனே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் குஞ்சுகள் சிதறும். சிதறல் அந்தப் பறவை கொடுக்கும் விலை.

அந்த வெயில் நமக்கும் உண்டு. சித்திரையில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் 34, 35 டிகிரி. அங்கே வைத்த முட்டைக்குள் கரு உறங்கவும் இல்லை, ஒழுங்காக வளரவும் இல்லை. கோழி உட்காரும் முன்பே தாறுமாறாகக் கொஞ்சம் ஓடி வலுவிழந்திருக்கும். கோடையில் ஈடு பாதி பொரிக்காமல் போவதற்கு இது பெரிய காரணம். நம் ஊரில் பழி எங்கே விழுகிறது? இடி இடித்தது, அதனால் கூமுட்டை என்று. கூடையில் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் அடுப்புக்கரியும் போட்டு வைப்பது அதற்காகத்தான். நாளெண்ணும் நம்பிக்கையும் இடி நம்பிக்கையும் பிறந்த இடம் ஒன்று. இரண்டும் கோழியைப் பார்க்க மறுக்கின்றன. சிறுவிடைக் கோழியின் அடியில் பதினைந்து முட்டை திணித்தால் ஓரத்தில் கிடப்பவை முறை வரும்வரை குளிர்கின்றன. அடைக்கோழிக்குப் பக்கத்திலேயே தீனியும் தண்ணீரும் இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டியது ஒரு மணி நேரம் அலைகிறது. இரவில் பாம்போ கீரியோ வந்து விரட்டினால் விடியும்வரை கூடு காலி. ஒவ்வொன்றும் பொரிக்கும் நேரத்தைத் தள்ளும். சேவல் சேராத முட்டை எப்படியும் பொரிக்காது, அது வேறு கணக்கு. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிவந்த நரம்பு ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடை வைத்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்திலேயே எத்தனை முட்டை, எத்தனை நாள் சேமித்தவை, கோழி எந்த இரவு எழுந்து போனது என்பதையும் எழுதுங்கள். பாட நூலும் கையேடும் எழுதுபவர்கள் 21 என்ற எண்ணுக்குக் கீழே, இடைவிடாமல் நல்ல சூட்டில் அடை கிடைத்தால் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 21 முடிந்த காலையில் முட்டைகளை வாரிக் குப்பையில் கொட்டாதீர்கள். கோழி இன்னும் உட்கார்ந்திருந்தால் அதை எழுப்பாமல் விடுங்கள். 23ஆம் நாள் முடிந்தும் ஓட்டுக்குள் சத்தமில்லை என்றால் அப்போது எடுத்துப் புதையுங்கள்.